ஆசிரியர் இல்லாத பதினைந்து நிமிடங்கள்

ஜப்பானில் ஒரு பள்ளிக்கூடத்தில் சில நாள்கள் இருந்துவிட்டு வந்தேன் என்று சொன்னால், எங்கள் ஊரில் பெரும்பாலானோர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: அங்கே பிள்ளைகளே கழிப்பறையைக் கழுவுகிறார்களாமே, உண்மைதானா? கைப்பேசியில் சுற்றிவரும் காணொளிகளின் புண்ணியத்தில் குழித்துறையிலிருந்து கன்னியாகுமரி வரை இந்தச் செய்தியை அறியாதவர் இல்லை. உண்மைதான் என்று நான் சொன்னவுடன், கேட்டவர் தம் பிள்ளையைத் திரும்பிப் பார்த்து, "கேட்டியா மக்களே, அதுதான் ஒழுக்கம்" என்பார். பேச்சு அத்துடன் முடிந்துவிடும். அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்காத பலவற்றை நான் அங்கே கண்டேன். அவற்றுள் சில அந்தப் பாராட்டுக்கு நேர்மாறானவை. ஆகவே விரிவாகவே எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

நான் குளச்சலுக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்த பதினொன்றாம் வகுப்பு மாணவி. காலாண்டுத் தேர்வு முடிந்த பிறகு, பள்ளிகளுக்கு இடையிலான குறுகிய காலப் பரிமாற்றம் ஒன்றில் எங்கள் பள்ளியிலிருந்து சிலர் நவம்பர் தொடக்கத்தில் ஜப்பானின் வாகயாமா மாகாணத்துக்கு அனுப்பப்பட்டோம். திருவனந்தபுரத்தில் ஏறி, சிங்கப்பூரில் விமானம் மாறி, கடலுக்குள் மண் கொட்டி உண்டாக்கிய செயற்கைத் தீவின்மேல் 1994இல் திறக்கப்பட்ட கான்சாய் விமான நிலையத்தில் இறங்கினால், வாகயாமா அங்கிருந்து தெற்கே அடுத்த மாகாணம். மலையும் கடலும் இருபுறமும் நெருக்க, நடுவில் ஒடுங்கிய சமவெளி. அதில் ஒரு ரயில் பாதை. மலைச்சரிவெங்கும் பழுத்துக்கொண்டிருந்த ஆரஞ்சுத் தோட்டங்கள். ஒவ்வொருவரும் ஒரு மாணவர் வீட்டில் தங்கி, அந்த மாணவரோடு பள்ளிக்குச் சென்று, அதே வகுப்பில் உட்கார்ந்து வர வேண்டும் என்பதே ஏற்பாடு.

விவேகானந்தர் 1892 டிசம்பரில் குமரிமுனைப் பாறையில் தியானம் இருந்ததை எங்கள் மாவட்டத்தில் சிறுபிள்ளையும் சொல்லும். அதற்கு ஏழு மாதங்களுக்குள் அவர் ஜப்பானில் இருந்தார் என்பதை அறிந்தவர்கள் குறைவு. சிகாகோவுக்குப் போகும் வழியில் நாகசாகி, கோபே, ஒசாகா, கியோட்டோ, டோக்கியோ ஆகிய நகரங்களைப் பார்த்துவிட்டு, 1893 ஜூலை 10ஆம் நாள் யோகோஹாமாவிலிருந்து சென்னை நண்பர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜப்பானியரின் தூய்மையை வியந்து, நம் இளைஞர்கள் ஆண்டுதோறும் பலராக ஜப்பானுக்கும் சீனாவுக்கும் போய்வர வேண்டும் என்ற விருப்பத்தை அதில் தெரிவித்திருக்கிறார். எங்கள் ஊர் விழா மேடைகளில் அந்தக் கடிதத்தை எவரும் எடுத்துச் சொல்லிக் கேட்டதில்லை. நம்மவர்களுக்கு அதில் கிடைத்திருக்கும் வசவு காரணமாக இருக்கலாம்.

காணொளிகளில் நாம் காண்பது பெரும்பாலும் தொடக்கப்பள்ளி. வெள்ளை மேலங்கியும் தொப்பியும் அணிந்த சிறுவர்கள் தம் வகுப்புக்குத் தாமே மதிய உணவு பரிமாறும் காட்சி அங்கும் நடுநிலைப்பள்ளியிலும் நடப்பது. ஆறு ஆண்டு தொடக்கப்பள்ளி, மூன்று ஆண்டு நடுநிலைப்பள்ளி, மூன்று ஆண்டு உயர்நிலைப்பள்ளி என்பது அந்நாட்டு வரிசை. முதல் ஒன்பது ஆண்டுகள் மட்டுமே கட்டாயக் கல்வி. மூன்றாம் கட்டம் கட்டாயமில்லை என்றாலும் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் அதில் சேர்கிறார்கள். ஆனால் நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர முடியும். நான் உட்கார்ந்தது அந்த மூன்றாம் கட்டத்தில். அங்கே பொது உணவு இல்லை. அவரவர் வீட்டிலிருந்து பெட்டியில் சோறு கொண்டுவர வேண்டும். என்னை ஏற்றுக்கொண்ட வீட்டு அம்மா விடியற்காலையில் எழுந்து தம் மகளுக்கும் எனக்கும் ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் கட்டுவார்: சோறு, அதன் நடுவில் உப்பில் ஊறிய சிவந்த ஊமெபோஷி என்னும் பழ ஊறுகாய், சுருட்டிய முட்டை, ஏதேனும் ஒரு மீன் துண்டு. வெளிநாடு போனால் சோற்றுக்கு என்ன செய்வாய் என்று பாட்டி கவலைப்பட்டு முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் ஒரு பை நிறையக் கொடுத்தனுப்பியிருந்தார். அவை முழுவதும் அந்த வகுப்பறையில் தீர்ந்தன. எனக்கு அவற்றின் தேவையே வரவில்லை. மூன்று வேளையும் சோறும் மீனும் உள்ள நாடு குமரிக்காரிக்கு அந்நிய நாடாக இருக்க முடியாது. அவர்கள் சாற்றுக்குச் சீவிப் போடும் கட்சுவோபுஷியை மணந்து பார்த்தபோது, சூரை மீனை அவித்துப் புகையிட்டு உலர்த்திய நம் மாசிக்கருவாட்டின் மறுபிறப்பு என்றே எண்ணினேன்.

பள்ளிக்குள் நுழைந்தவுடன் வெளிச்செருப்பைக் கழற்றி, எண்ணிட்ட சிறு அறைகள் கொண்ட அலமாரியில் வைத்துவிட்டு, உள்ளே மட்டும் அணியும் காலணியை மாற்றிக்கொள்ள வேண்டும். அதன்பிறகு நடப்பவற்றில் எனக்கு முதலில் உறைத்தது ஆசிரியரின் இன்மை. ஆசிரியர்கள் அனைவருக்கும் பொதுவாக ஒரு பெரிய அறை. வகுப்பு இல்லாத நேரமெல்லாம் அவர்கள் அங்கே தத்தம் மேசையில் இருப்பார்கள். அவர்களில் ஒருவரைப் பார்க்க வேண்டிய மாணவர் வாசலில் நின்று தம் வகுப்பு, பெயர், வந்த காரியம், பார்க்க வேண்டிய ஆசிரியரின் பெயர் ஆகியவற்றைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். வகுப்பறையோ மாணவர்களுடையது. ஒவ்வொரு நாளும் இருவருக்கு அன்றைய பொறுப்பு. பாடம் தொடங்குமுன் எழுந்து நின்று வணங்கச் சொல்லிக் குரல் கொடுப்பது, பாடம் முடிந்தவுடன் கரும்பலகையைத் துடைப்பது, சன்னல்களைத் திறந்து மூடுவது, அன்று நடந்தவற்றை வகுப்பின் நாட்குறிப்பேட்டில் எழுதி மாலையில் வகுப்பாசிரியரிடம் ஒப்படைப்பது எல்லாம் அவர்கள் வேலை. நம் வகுப்புத் தலைவர் பதவி போன்றதன்று இது. எங்கள் பள்ளியில் வகுப்புத் தலைவர் என்றால் நன்றாகப் படிப்பவர். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசியவர்களின் பெயரைப் பலகையில் எழுதிவைப்பதே அவருடைய முதன்மையான அலுவல். அங்கே இன்று பொறுப்பில் இருப்பவர் நாளை இல்லை. முதல் மதிப்பெண் வாங்குபவருக்கும் கடைசி மதிப்பெண் வாங்குபவருக்கும் முறை வரும்.

இனித் துப்புரவு. பிற்பகல் வகுப்புகள் முடிந்ததும் ஒலிபெருக்கியில் ஓர் இசை தொடங்கும்; பதினைந்து நிமிடம் அது ஓடும். நாற்காலிகளை மேசைகளின்மேல் கவிழ்த்து, எல்லாவற்றையும் வகுப்பின் பின்பக்கம் தள்ளி, முன்பாதியைப் பெருக்கித் துடைப்பார்கள். பிறகு முன்னே தள்ளிப் பின்பாதியைச் செய்வார்கள். வகுப்பு சில குழுக்களாகப் பிரிந்திருக்கும். அறிவிப்புப் பலகையில் அட்டையில் வெட்டிய இரண்டு வட்டங்கள். வெளிவட்டத்தில் இடங்களின் பெயர்கள், உள்வட்டத்தில் குழுக்களின் பெயர்கள். வாரத்துக்கு ஒருமுறை உள்வட்டத்தை ஒரு கட்டம் திருப்பிவிடுவார்கள்; படிக்கட்டில் இருந்த குழு கழிப்பறைக்குப் போகும், கழிப்பறையில் இருந்த குழு ஆசிரியர் அறைக்குப் போகும். ஆம், ஆசிரியர் அறையைக் கூட்டுவதும் மாணவர்கள்தான். ஆசிரியர்கள் தாள்களை அள்ளிக்கொண்டு ஒதுங்கி வழிவிடுவார்கள். பெரிய பழுதுகளுக்கும் கட்டடப் பராமரிப்புக்கும் தனிப் பணியாளர்கள் உண்டு. அன்றாட அழுக்கு மட்டும் அதை உண்டாக்கியவர்களின் பொறுப்பு.

அந்தப் பதினைந்து நிமிடங்களில் அவர்கள் புனிதர்களாக மாறிவிடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் குழுவிலிருந்த இரண்டு பையன்கள் நனைந்த துணியை உருட்டித் துடைப்பத்தால் அடித்து நடைவழியில் ஹாக்கி ஆடினார்கள். ஒரு பெண் வேலை முடியும்வரை கண்ணாடியைத் துடைப்பதுபோல் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவரும் எவரையும் அதட்டவில்லை. குழுவின் அன்றைய பொறுப்பாளர் கடைசியில் இடத்தைச் சுற்றிப் பார்த்து, ஒரு தாளில் குறியிட்டு, விடுபட்டதை அந்தப் பையன்களைக்கொண்டே முடிக்கச் செய்தார். எனக்கு முதலில் கைகழுவும் தொட்டியும் பிறகு கழிப்பறையும் வாய்த்தன. விருந்தாளி என்பதற்காக விலக்கு அளிக்கவில்லை. அதற்காக நான் அவர்களுக்கு இன்றும் நன்றியுடையவள்.

நம் ஊரில் இதை ஒழுக்கம் என்று புகழ்பவர்கள் அடுத்த மூச்சில், நம் பள்ளிகளிலும் பிள்ளைகளைச் செய்யவைக்க வேண்டும் என்கிறார்கள். அங்கேதான் எனக்குச் சிக்கல். எங்கள் பள்ளியில் பெருக்குவது ஏற்கெனவே நடக்கிறது. யார் பெருக்குகிறார்கள் என்பதுதான் கேள்வி. தாமதமாக வந்தவர் தண்டனையாகப் பெருக்குவார். தண்டனைக்கு ஆள் கிடைக்காத நாளில் பெண்பிள்ளைகள் பெருக்குவோம். பையன்கள் பெஞ்சு தூக்குவார்கள், தண்ணீர்க் குடம் எடுப்பார்கள். கழிப்பறை என்றால் பேச்சே வேறு. தமிழ்நாட்டில் ஏதோ ஒரு பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்துக் கழிப்பறை கழுவவைத்தார்கள் என்ற செய்தி வருவதும், ஆசிரியர் பணியிடை நீக்கம் செய்யப்படுவதும் புதிதல்ல. உடுத்தும் துணிகூடச் சாதியால் அளக்கப்பட்ட பழைய திருவிதாங்கூர் மண் எங்களுடையது. தோளை மறைத்துச் சீலை உடுத்தும் உரிமைக்காக எங்கள் பாட்டிமார்களின் பாட்டிமார்கள் பல்லாண்டு போராடி, 1859இல்தான் அரச ஆணை பெற்றார்கள். இப்படிப்பட்ட இடத்தில் துடைப்பத்தை யார் கையில் கொடுக்கிறோம் என்பது சிறிய விஷயமாக முடியாது. நான் கண்ட பள்ளியில் உயிர்நாடியாக இருந்தது அந்த அட்டை வட்டம்தான். அது எவருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. ஒரு கட்டம் திரும்புகிறது, அவ்வளவே. அந்த வட்டத்தை விட்டுவிட்டுத் துடைப்பத்தை மட்டும் இறக்குமதி செய்தால், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் கொடுமைக்கு ஜப்பானியப் பெயர் சூட்டியதாகவே முடியும்.

பாட வகுப்புகளைப் பற்றி இதே உற்சாகத்தோடு எழுத முடியவில்லை. ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம். மொழி புரியாவிட்டாலும் கணக்கும் வேதியியலும் பலகையைப் பார்த்தே விளங்கின; சமன்பாடுகளுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. விளங்காதது அந்த வகுப்பின் மௌனம். ஆசிரியர் பேசுவார், எழுதுவார். மாணவர்கள் பலவண்ணப் பேனாக்களால் அழகாகப் படியெடுப்பார்கள். ஒருவர்கூடக் கையை உயர்த்திக் கேள்வி கேட்கவில்லை. பின்வரிசையில் சிலர் மேசையில் தலைவைத்துத் தூங்கினார்கள். ஆசிரியர் கண்டும் காணாததுபோல் மேலே போனார். எங்கள் வகுப்பில் ஆசிரியர் கேள்வியை முடிப்பதற்குள் பத்துப் பேர் தவறான விடையைச் சேர்ந்து கத்துவோம். அந்த இரைச்சலில் வளர்ந்த எனக்கு, கேட்க வேண்டிய கேள்வி நாக்கு நுனியில் இருந்தும் வாய் எழவில்லை. வீட்டுக்கு வந்ததும், நான் தங்கியிருந்த வீட்டின் மகளான தோழியிடம் காரணம் கேட்டேன். தனக்குப் புரியாத ஒன்றுக்காக மற்றவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது, வகுப்பு முடிந்த பின் ஆசிரியர் அறை வாசலில் போய்க் கேட்பேன் என்றாள். நாகரிகமான பதில்தான். ஆனால் ஒருத்திக்குப் புரியாதது பலருக்கும் புரியாமல் இருந்திருக்குமே, அவர்கள் அத்தனை பேரும் வாசலில் வரிசையில் நின்றால் ஆசிரியர் எப்போது வீட்டுக்குப் போவார் என்று நான் கேட்டதற்கு, "அவர் எப்படியும் இரவுதான் போவார்" என்று சிரித்தாள்.

ஆசிரியர் வீட்டுக்குப் போகத் தாமதமாவதற்கு மாலை நேரச் சங்கங்களும் ஒரு காரணம். பள்ளி முடிந்த பின்தான் பலருக்கு உண்மையான பள்ளி தொடங்குகிறது: பேஸ்பால், காற்றிசைக் குழு, தூரிகை எழுத்து, கெண்டோ என்னும் வாட்பயிற்சி. தோழி வில்வித்தைச் சங்கத்தில் இருந்தாள். அந்த வில் அவளைவிட உயரம், ஏறத்தாழ 2.2 மீட்டர், இலக்கு 28 மீட்டர் தொலைவில், 36 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சிறு வட்டம். புதிதாகச் சேர்ந்தவர் பல மாதங்கள் இலக்கை நோக்கி எய்யவே முடியாது. வெறுங்கையால் நிலைகளைப் பழகி, பிறகு மிக அருகில் வைத்த வைக்கோல் உருளையில் எய்து பழக வேண்டும். அதுவரை மூத்தவர்கள் எய்த அம்புகளைப் பொறுக்கித் துடைத்து அடுக்குவது அவர்கள் வேலை. எங்கள் பக்கத்து அடிமுறை ஆசான்களும் வருகிறவனுக்கு உடனே கம்பைக் கொடுத்துவிடுவதில்லை. காலை வைக்கும் சுவட்டைச் சொல்லிக்கொடுக்கவே நாளாகும். ஆகவே அந்தப் பொறுமை எனக்குப் புரிந்தது. புரியாதது மூத்தவர், இளையவர் என்ற பிரிவின் கடுமை. ஓராண்டு முன்னால் சேர்ந்தவள் என்ற ஒரே தகுதியில், ஒரு பதினேழு வயதுப் பெண் பதினாறு வயதுப் பெண்ணிடம் முகத்தைத் திருப்பாமல் பேசினாள். மற்றவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலை வணங்கினாள். துப்புரவு வட்டத்தில் எல்லோரும் சமம். மணி நான்கைத் தாண்டினால் அப்படியில்லை.

நவம்பர் 5ஆம் நாள் அங்கே இருந்தது என் நல்லூழ். அது உலகச் சுனாமி விழிப்புணர்வு நாள். 2015இல் ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. அந்தத் தேதி வாகயாமாவுக்கே உரியது. 1854ஆம் ஆண்டு, பழைய ஜப்பானிய நாட்காட்டியின்படி பதினொன்றாம் மாதம் ஐந்தாம் நாள், அந்தக் கடற்கரையைப் பெரும் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து சுனாமியும் தாக்கின. ஹிரோ என்ற ஊரில் சோயாச் சாறு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஹமகுச்சி கோரியோ என்பவர், இருளில் திசை தெரியாமல் தவித்தவர்களுக்கு வழி காட்ட நெல் வைக்கோற்போர்களுக்குத் தீ வைத்தார். அந்த வெளிச்சத்தைப் பின்பற்றிப் பலர் மேட்டிலுள்ள கோயிலை அடைந்து உயிர் தப்பினர். அவரைப் பற்றிய கதை அத்துடன் முடிந்திருந்தால் நான் இவ்வளவு வியந்திருக்க மாட்டேன். வாழ்வாதாரம் இழந்து ஊரைவிட்டுக் கிளம்ப இருந்தவர்களுக்குத் தம் கைப்பணத்தில் கூலி கொடுத்து, ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில், சுமார் 600 மீட்டர் நீளமும் 5 மீட்டர் உயரமும் உள்ள கரையை எழுப்பினார். 1946இல் மறுபடி சுனாமி வந்தபோது அந்தக் கரை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. பள்ளி எங்களை அங்கே அழைத்துச் சென்றது. கரைமேல் பைன் மரங்கள் நிற்கின்றன. ஆண்டுதோறும் நவம்பரில் ஊர்ப் பிள்ளைகள் மண் கொண்டுவந்து கரையின்மேல் இடும் வழக்கம் இன்னும் நடக்கிறது. நினைவுநாள் என்றால் மெழுகுவர்த்தி ஏற்றுவது என்றே பழகியிருந்த எனக்கு, நினைவை ஒரு பராமரிப்பு வேலையாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்திருப்பது பிடித்திருந்தது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் நான் பிறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கடற்கரை ஊர்களைக் கடல் வாரிக்கொண்டு போனதையும், மணக்குடிப் பாலம் உடைந்து போனதையும், மேட்டுப்பக்கத்துப் பள்ளிகளும் ஆலயங்களும் ஓடிவந்தவர்களால் நிறைந்ததையும் அம்மா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். கடல் இப்படிச் செய்யும் என்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதை அம்மா ஒவ்வொரு முறையும் சொல்வார். இன்று ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. செய்தி நமக்கும் வந்து சேரும். வந்து சேர்ந்த பின் என்ன செய்வது என்பதற்கு எங்கள் பள்ளியில் ஒத்திகை நடந்திருக்கிறது: மணி அடித்ததும் வரிசையாக மைதானத்துக்கு வந்து, ஆசிரியர் எண்ணிப் பார்த்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

வாகயாமாவில் நான் கண்ட ஒத்திகையில் மைதானத்தில் நிற்பது என்பதே இல்லை. ஒலிபெருக்கி அறிவிப்பு வந்ததும் மேசைக்கடியில் புகுந்தோம். நடுக்கம் ஓய்ந்ததாக அறிவிக்கப்பட்டதும் எழுந்து மேட்டுப்பாதையை நோக்கி நடக்க வேண்டும். வழக்கமான படிக்கட்டு இடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லப்பட்டது. மாற்று வழியைக் கண்டுபிடிப்பது வகுப்பின் பொறுப்பு. அன்று அட்டவணைப்படி முறை வந்திருந்த இருவர் வழியை முடிவு செய்தார்கள்; அவர்களில் ஒருவன் ஹாக்கி ஆடிய அதே பையன். எங்களில் ஒரு பிரிவு அருகிலுள்ள மழலையர் காப்பகத்துக்கு ஓடி, குழந்தைகளை நிற்கவைத்துத் தள்ளும் வண்டிகளை மலைப்பாதையில் மேலே தள்ளிச் சென்றது. எனக்குக் கிடைத்த வண்டியில் மூன்று குழந்தைகள். ஏற்றம் முடிவதற்குள் மூச்சு வாங்கியது எனக்கு மட்டும்தான்.

மேலே சென்று சேர்ந்த பின் ஓர் ஆசிரியர் சுருக்கமாகப் பேசினார். 2011 மார்ச் 11ஆம் நாள் வடகிழக்கு ஜப்பானில் நிலநடுக்கம் வந்தபோது, கமாய்ஷி நகரில் ஒரு நடுநிலைப்பள்ளி மாணவர்கள் எவர் உத்தரவுக்கும் காத்திராமல் மேட்டை நோக்கி ஓடத் தொடங்கினார்கள். பக்கத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் அதுவரை தங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் கூடியிருந்தார்கள், மூத்தவர்கள் ஓடுவதைக் கண்டு தாமும் இறங்கி ஓடினார்கள், தப்பினார்கள். அதே நாளில் இஷினோமாகி நகரின் ஒகாவா தொடக்கப்பள்ளியில் பிள்ளைகள் ஆசிரியர்களின் முடிவுக்காக மைதானத்தில் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் காத்திருந்தார்கள். 74 பிள்ளைகளை அந்தப் பள்ளி இழந்தது. பெற்றோர் தொடுத்த வழக்கில் பள்ளியும் நகராட்சி நிர்வாகமும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யத் தவறியதற்குப் பொறுப்பு என்ற தீர்ப்பை 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆசிரியர் இவ்வளவையும் குரலை உயர்த்தாமல் சொல்லி, நான் தவறான இடத்தில் உங்களை நிறுத்தினால் நீங்கள் நிற்கக் கூடாது என்று முடித்தார். தோழி என் காதருகில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள். ஓர் ஆசிரியர் தம் மாணவர்களிடம் இப்படிச் சொல்லி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

ஆசிரியர் இல்லாதபோதும், ஏன் ஆசிரியரை மீறியும், பள்ளி இயங்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அட்டை வட்டமும் நாட்பொறுப்பும் சிறு வயதிலிருந்து பழக்கப்படுகின்றனவோ என்று அன்று மலைமேல் நின்று எண்ணினேன். அடுத்த நாள் அதே வகுப்பில், அதே பிள்ளைகள், புரியாத ஒன்றைக் கேட்க வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டும் ஒரே பள்ளியில் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன என்பதற்கு எனக்கு விடை கிடைக்கவில்லை. தேர்வு ஒரு காரணமாக இருக்கலாம். ஜனவரியில் நடக்கும் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வுக்காக மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மாலையில் தனிப்பயிற்சி நிலையங்களுக்குப் போய், இரவு ரயிலில் தூங்கி வழிந்து வீடு திரும்பினார்கள். நீட் தேர்வுக்காக என் ஊர் அக்காமார் படும் பாட்டை அறிந்தவளுக்கு அது புதுக்காட்சியன்று. 1806இல் கிறிஸ்தவ மதபோதகர் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த காலந்தொட்டுப் பள்ளிக்கூடங்களை நம்பி எழுந்த மாவட்டம் எங்களுடையது. 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டில் முதலிடம் என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையின் மறுபக்கமாக மதிப்பெண் என்ற ஒன்றைத் தவிர வேறெதையும் பள்ளியிடம் கேட்கத் தெரியாதவர்களாகவும் ஆகிவிட்டோம். ஜப்பானியரும் மதிப்பெண்ணை விட்டுவிட்டவர்கள் அல்லர். அதோடு வேறு சிலவற்றையும் விடாமல் வைத்திருக்கிறார்கள்.

விதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரட்டைச் சடையும் ரிப்பனும் கட்டாயம் என்ற பள்ளியிலிருந்து போன நான், கூந்தலின் நிறம் வரை விதி போடும் பள்ளிகள் அங்கே உண்டு என்றறிந்து சிரித்தேன். ஒசாகா மாகாணத்தில் ஒரு மாணவி, இயற்கையிலேயே பழுப்பான தன் கூந்தலுக்குக் கறுப்புச் சாயம் பூச வற்புறுத்தப்பட்டதாக 2017இல் வழக்கே தொடுத்தார். டோக்கியோ மாநகரப் பொதுப்பள்ளிகள் 2022இல் இப்படிப்பட்ட சில விதிகளைக் கைவிட்டன. என் எண்ணெய்ச் சடையை அந்த வகுப்புப் பெண்கள் ஆவலோடு தொட்டுப் பார்த்தார்கள். விதியால் பின்னப்பட்டது என்று சொன்னதும் அவர்களும் சிரித்தார்கள்.

திரும்பி வந்தபின் காலைக் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள், பேசினேன். பிறகு எங்கள் வகுப்பாசிரியையிடம் அட்டை வட்டம் ஒன்றைக் காட்டி, பையன்களையும் சேர்த்து, தண்டனைப் பட்டியலை நீக்கி, வகுப்பறைக்கு மட்டுமாவது முறை வைக்கலாமா என்று கேட்டேன். கழிப்பறையைப் பற்றி நான் பேசவில்லை. அதற்கு ஒரு பணியாளரும் போதிய தண்ணீரும் இருந்தாலே போதும், அவற்றை அரசிடம் கேட்க வேண்டும், பிள்ளைகளிடம் அன்று. டீச்சர் மறுக்கவில்லை, அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்றார். வட்டத்தை வெட்டியபோது பையன்களில் இருவர் தாங்களாகவே உதவினார்கள். பெருக்குவதற்கு அல்ல, வெட்டுவதற்கு மட்டும் என்று முன்கூட்டியே தெளிவுபடுத்திக்கொண்டார்கள்.

வரும் ஆண்டு அந்தப் பள்ளியிலிருந்து சிலர் எங்கள் ஊருக்கு வர இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன காட்டுவது என்பதில் இப்போதே வாக்குவாதம். பத்மநாபபுரம் அரண்மனை, திருவள்ளுவர் சிலை, ஆண்டு விழா நடனம் என்பது பள்ளியின் திட்டம். அவை இருக்கட்டும், மரவேலைப்பாடு தெரிந்த நாட்டவர்களுக்கு அரண்மனை நிச்சயம் பிடிக்கும். ஆனால் தோழியை ஒருநாள் எங்கள் கணக்கு வகுப்பில், இரண்டாம் பெஞ்சில், என் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் தவறான விடையைக் கத்தும்போது அவளும் ஒருமுறை கத்திப் பார்க்கட்டும்.